பரம்பரையா வெயிலா என்று பங்கு பிரிக்க முடியாத நோய்

தோல் புற்றுநோய் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை, எனக்கு எப்படி வரும்?" என்பது ஒன்று. "அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வெயில்ல வர்றது, நாம வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க" என்பது இன்னொன்று. முதலாவது நோயைப் பரம்பரையின் தலையில் போடுகிறது, இரண்டாவது வெயிலின் தலையில் போடுகிறது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான்: எனக்கு வராது. கொஞ்சம் படித்துத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத்தான் தேடுகிறார்கள். பரம்பரையின் பங்கு இவ்வளவு, வெயிலின் பங்கு மீதி என்று யாராவது கணக்கை முடித்துக் கொடுத்தால் நிம்மதி. அப்படிப் பங்கு பிரிக்க முடியாது என்பதுதான் என் கட்சி. பெரும்பாலானவர்கள் பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொண்டு வருவது நோயை இல்லை. வெயிலை எவ்வளவு தாங்கும் என்கிற தோலின் தன்மையைத்தான் வாங்கி வருகிறார்கள். அந்தத் தோலின் மேல் எவ்வளவு வெயில், எந்த வயதில், எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்து மிச்சக் கதை நடக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் முக்கியமாக மூன்று வகை உண்டு: பேசல் செல், ஸ்குவாமஸ் செல், மெலனோமா. முதல் இரண்டும் எண்ணிக்கையில் மிக அதிகம். நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்துக் குணப்படுத்திவிடலாம். மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களிலேயே தொடங்குவது. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வேகமாகப் பரவி உயிரை எடுப்பதில் இதுதான் முன்னே நிற்கிறது. வெயிலோடு இந்த மூன்றுக்கும் உள்ள உறவு ஒரே மாதிரி இருக்காது. அது பின்னால் தேவைப்படும்.

இந்தக் கேள்விக்கு விடை தேட ஆஸ்திரேலியாவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1788 முதல் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் போய் அங்கே இறங்கினார்கள். மேகமூட்டமான வானத்துக்குப் பழகியவர்கள், சற்று நேரம் வெயில் பட்டாலே சிவந்து உரியும் தோல்காரர்கள். அந்தத் தோலோடு, வெப்பமண்டல வெயில் காயும் குவீன்ஸ்லாந்தில் மாடு மேய்த்தார்கள், கரும்பு வெட்டினார்கள், கடற்கரையில் கிடந்தார்கள். இன்றைக்கு உலகிலேயே மெலனோமா மிக அதிகமாக வரும் இடங்களில் குவீன்ஸ்லாந்துக்கு முன்வரிசை. ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடும் என்பது அங்குள்ள கேன்சர் கவுன்சில் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. இவர்களுடைய பங்காளிகள் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருக்கிறார்கள். அதே பரம்பரை, அதே தோல். அங்கே நோய் இந்த அளவை நெருங்குவதில்லை. ஹென்றி லங்காஸ்டர் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் மெலனோமாவால் இறந்தவர்களின் கணக்கை அட்சரேகை வாரியாக அடுக்கிப் பார்த்து, ஐரோப்பிய வம்சாவளியினர் பூமத்திய ரேகையை நெருங்கி வாழ வாழ சாவு கூடுகிறது என்று 1956-லேயே எழுதிவிட்டார்.

இப்போது அதே மண்ணில் திரும்பிப் பாருங்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக அதே வெயிலில் வாழ்ந்துவரும் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுக்கு மெலனோமா மிக அரிது. ஆக, ஒரே பரம்பரையை இரண்டு வெயிலில் வைத்தால் நோய் மாறுகிறது. ஒரே வெயிலில் இரண்டு பரம்பரையை வைத்தாலும் நோய் மாறுகிறது. முதல் ஒப்பீட்டை மட்டும் பார்த்தவர் வெயில்தான் என்று சத்தியம் செய்வார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் பரம்பரைதான் என்று சத்தியம் செய்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இன்னொரு தகவல் இதைவிட நுட்பமானது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1980-களில் நடந்த ஆய்வில், பத்து வயதுக்குள் அங்கே வந்து குடியேறியவர்களுக்கு மெலனோமா அபாயம் அங்கேயே பிறந்தவர்களுக்கு உள்ளதைப் போலவே இருந்தது. பதினைந்து வயதுக்கு மேல் வந்தவர்களுக்கு அதில் கால் பங்கு அளவுதான். பிறந்தபோது கொண்டுவந்த மரபணுக்கள் கப்பல் ஏறிய வயதைப் பொறுத்து மாறுவதில்லையே. சிறு வயதில் பட்ட வெயில் தனியாகக் கணக்கில் ஏறுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கஷ்டம்.

"அப்படியானால் இரட்டையர் ஆய்வுக்கு என்ன பதில்?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டென்மார்க், பின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளிவந்த ஆய்வு அது. மெலனோமாவின் மரபுவழிப் பங்கு 58%, மற்ற தோல் புற்றுநோய்களுக்கு 43% என்று அதில் வந்தது. மார்பகம், பெருங்குடல் எல்லாவற்றையும்விட மெலனோமாவின் எண் பெரிது. இதைப் படித்துவிட்டு "பாதிக்கு மேல் பரம்பரை, நாம் செய்வதற்கு மீதிதான் இருக்கிறது" என்று எழுதியவர்கள் ஏராளம். இந்த எண் அதைச் சொல்லவே இல்லை. ஒரே வாய்க்கால் பாயும் ஊரில் எல்லா வயலுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்தான் கிடைக்கும். அங்கே ஒருவர் வயலில் அதிகமாகவும் பக்கத்து வயலில் குறைவாகவும் விளைந்தால், பெரும்பாலும் விதையைத்தான் காரணம் சொல்ல வேண்டிவரும். அந்த ஊர்க் கணக்கை வைத்து, நெல்லுக்குத் தண்ணீர் இரண்டாம்பட்சம் என்று யாராவது சொல்வார்களா? ஒரு வருஷம் வாய்க்கால் வறண்டால் எந்த விதையும் நிற்காது. 58% என்பது அந்த நான்கு நாட்டு மக்களுக்கிடையே, அவர்கள் வாழ்ந்த சூழலில், ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போனதில் உள்ள வேறுபாட்டைப் பற்றிய எண். ஒரு தனி மனிதருக்கு வந்த நோயில் 58% மரபணு என்று அதைப் படிக்கக் கூடாது. அதே நாடுகளில் மெலனோமா 1950-களிலிருந்து பல மடங்கு கூடியிருக்கிறது. அதற்குள் மரபணுக்கள் மாற நேரமில்லை; மாறியது மத்தியதரைக் கடற்கரைக்கு விடுமுறைப் பயணம் போகும் வழக்கமும் உடைகளும் செயற்கையாகத் தோலைப் பழுப்பாக்கும் படுக்கைகளும்.

பரம்பரையின் பக்கம் நிற்பவர்களிடம் இதைவிட வலுவான ஆதாரம் உண்டு. சில குடும்பங்களில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் ஊரில் மருத்துவராக இருந்த வில்லியம் நாரிஸ் 1820-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த நோயாளியின் தந்தையும் அதே போன்ற நோயால் இறந்தவர். பரம்பரை என்ற சந்தேகம் அவ்வளவு பழையது. இப்படிப்பட்ட குடும்பங்கள் பலவற்றில் குற்றவாளியாக நிற்கும் மரபணுவும் இன்று தெரியும்: சிடிகேஎன்2ஏ. செல் பெருகுவதற்கு பிரேக் போடும் புரதம் ஒன்று இதிலிருந்துதான் உருவாகிறது. பிரேக் பழுதான ஒரு பிரதியைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வாங்கியவருக்கு அபாயம் மிகப் பெரிது. பரம்பரை மட்டுமே காரணம் என்றால், இந்தப் பழுது உள்ளவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் ஒரே கதி நேர வேண்டும். 2002-ல் வெளிவந்த ஒரு கூட்டாய்வு மூன்று கண்டங்களில் உள்ள இத்தகைய குடும்பங்களை ஒப்பிட்டது. 80 வயதுக்குள் மெலனோமா வரும் வாய்ப்பு ஐரோப்பாவில் 58%, அமெரிக்காவில் 76%, ஆஸ்திரேலியாவில் 91% என்று வந்தது. பழுது அதே மரபணுவில்தான். எந்த இடத்தில் நோய் சாதாரணமாகவே அதிகமோ அந்த இடத்தில் இந்தப் பழுதும் அதிகமாகக் கடிக்கிறது. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு "இதில் பரம்பரை எத்தனை சதவீதம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் ஒரு விடை, ஆஸ்திரேலியாவில் இன்னொரு விடை வரும். இடம் மாறினால் விடை மாறும் கேள்வியை நோயின் இயல்பைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு ஒரு ஆட்சேபம் உண்டு: அந்த ஆய்வில் இருந்தவை ஏற்கெனவே பலருக்கு நோய் வந்த குடும்பங்கள், எனவே எண்கள் ஊதியிருக்கும் என்பது. உண்மைதான். குடும்ப வரலாற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் பொதுவான நோயாளிகள் வழியாகப் போன 2005 ஆய்வில், அதே மரபணுப் பழுது உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் 28% என்றுதான் வந்தது. அந்தத் திருத்தம் என் வாதத்துக்கு இன்னும் பலம் சேர்க்கிறது. அதே பழுது, சுற்றியிருப்பவை மாறியதும் இவ்வளவு சாந்தமாகிவிடுகிறது.

பரம்பரையின் எல்லைக்கே போய்ப் பார்ப்போம். ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்று ஒரு நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி கிடைத்தால்தான் வரும். சந்தேகமே இல்லாத முழுப் பரம்பரை நோய். இந்தக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நிறைந்து, தோல் வறண்டு, முதல் தோல் புற்றுநோய் ஒன்பது வயதை ஒட்டியே வந்துவிடுகிறது. இருபது வயதுக்குட்பட்டவர்களிடம் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைப் போல 10,000 மடங்கு என்பது அமெரிக்க ஆய்வாளர்களின் மதிப்பீடு. இந்தக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து வாங்கிய பழுது என்ன தெரியுமா? 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்துச் சொன்னது இது: வெயிலின் புற ஊதாக் கதிர் நம் டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்யும் வேலை அவர்களுடைய செல்களில் நடப்பதில்லை. நமக்கும் ஒவ்வொரு நாள் வெயிலிலும் அதே சேதம் நடக்கிறது. நம் செல்கள் சேதமான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிடுகின்றன. அவர்களால் முடியவில்லை. எனவே பிறந்ததிலிருந்தே வெயில் படாமல் கண்டிப்பாகக் காப்பாற்றப்படும் குழந்தைகளுக்குப் புற்றுநோய்கள் வெகுவாகக் குறைகின்றன. பிரேசிலின் கோயாஸ் மாநிலத்தில் அராராஸ் என்றொரு சிற்றூர் உண்டு. சொந்தத்துக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டு வந்த விவசாயக் குடும்பங்கள். உலகில் வேறெங்கும் காண முடியாத அளவுக்கு அங்கே இந்த நோய் குவிந்திருக்கிறது. வயலுக்குப் போனால்தான் சோறு. போனவர்களின் மூக்கையும் உதட்டையும் கன்னத்தையும் அறுவை மேசையில் கொஞ்சம் கொஞ்சமாக இழக்க வேண்டிவந்தது. அங்கே நோய் பரம்பரையாக வந்ததா, வயல் வெயிலில் வந்ததா? இரண்டில் ஒன்றை நீக்கிவிட்டால் இன்னொன்றுக்கு வேலையே இல்லை.

இந்த இடத்தில் நமக்கு நேரடித் தொடர்பு இருப்பதால் ஒரு வார்த்தை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் தமிழகத்தில் இன்னும் கணிசமாக உண்டு. கணவன், மனைவி இருவரிடமும் அதே பழுதுப் பிரதி ஒளிந்திருக்கும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. ஜீரோடெர்மா பிக்மென்டோசத்துக்கும், தோலில் நிறமே உருவாகாத அல்பினிசத்துக்கும் இது பொருந்தும். தான்சானியாவில் அல்பினிசத்தோடு பிறந்தவர்கள் இருபது, முப்பது வயதுகளிலேயே தோல் புற்றுநோய்க்கு ஆளாவது மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்துவருவது. அந்தப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முகம், காது, கழுத்து என்று துணி மறைக்காத இடங்களில் வருகின்றன. மரபணு உடம்பு முழுக்க ஒன்றுதான். சட்டைக்குள் இருக்கும் தோல் பிழைத்துக்கொள்கிறது. அங்கே ஒரு குழந்தைக்கு அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் கிடைப்பது ஆயுளைக் கூட்டும் வைத்தியம்.

வெயிலின் பங்கைச் சுற்றி வளைத்து ஊகிக்க வேண்டிய காலமும் போய்விட்டது. புற ஊதாக் கதிர் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் சைட்டோசின், தைமின் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சரிசெய்யாமல் விட்டால் அந்த இடத்தில் சைட்டோசின் தைமினாக மாறி நிற்கும். சில சமயம் பக்கத்துப் பக்கத்து இரண்டுமே மாறும். இந்த இரட்டை மாற்றத்தை வேறு காரணிகள் செய்வது அபூர்வம் என்பதால் இது வெயிலின் கைரேகை. 1991-ல் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்களில் பி53 என்ற காவல் மரபணுவில் இந்தக் கைரேகை கண்டுபிடிக்கப்பட்டது. 2010-ல் ஒரு மெலனோமாவின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்தபோது முப்பத்து மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துப் பிழைகள் இருந்தன. பெரும்பான்மை இந்த வகை. 2015-ல் வந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. கண்ணிமை அறுவை சிகிச்சையில் வெட்டி ஒதுக்கிய, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத நடுத்தர, முதிய வயதினரின் தோலைப் படித்தார்கள். கால் பங்கு செல்களுக்கு மேல் புற்றுநோயை நோக்கித் தள்ளும் மாற்றங்களை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தன. அந்தத் தோலுக்குச் சொந்தக்காரர்கள் நோயாளிகள் கிடையாது. பரம்பரையின் வேலை இதே பக்கத்தில் தெரிகிறது: செம்பட்டை முடிக்குக் காரணமான எம்சி1ஆர் மரபணு மாறுபாட்டின் ஒரே ஒரு பிரதியைச் சுமப்பவர்களின் மெலனோமாவில், வெயில் வகைப் பிழைகள் சுமார் 42% கூடுதல் என்று 2016-ல் தெரியவந்தது. 21 வயது கூடுதலாக ஆனதற்குச் சமம். ஒரு பிரதி மட்டும் இருந்தால் முடி செம்பட்டையாகவே இருக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் தெரியாத பரம்பரை, அவர்களின் வெயிலை மட்டும் பெருக்கிக் காட்டுகிறது.

மறுப்புகளுக்கு வருகிறேன். வெயில் காரணமென்றால் நாளெல்லாம் வயலில் நிற்பவர்களை விட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மெலனோமா ஏன் வர வேண்டும், முகத்தை விட்டுவிட்டு முதுகில் ஏன் வர வேண்டும் என்பது பழைய, நல்ல மறுப்பு. மூன்று வகைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஸ்குவாமஸ் செல் வகை வாழ்நாள் வெயிலின் கூட்டுத்தொகைக்கு ஏற்ப வருகிறது. விவசாயியின் காதும் கீழுதடும் அதற்குப் பேர்போன இடங்கள். மெலனோமாவில் பெரும்பகுதி, பழகாத தோலில் திடீரென்று கொட்டும் வெயிலுக்கு, குறிப்பாகச் சிறு வயதில் தோல் வெந்து உரிந்த நிகழ்வுகளுக்குக் கணக்கு வைக்கிறது. ஐம்பது வாரம் அறைக்குள் இருந்துவிட்டு இரண்டு வாரம் சட்டையைக் கழற்றிக் கடற்கரையில் படுப்பவரின் முதுகு அந்த வகையில் சேர்கிறது. வயதானவர்களின் முகத்தில் மெதுவாகப் படரும் மெலனோமா ஒன்றும் உண்டு. அது மறுபடியும் கூட்டுத்தொகை வெயிலின் பிள்ளை. இன்னொரு மறுப்பு எலிகளிடமிருந்து வருகிறது. செம்பட்டை மரபணுவோடு ஒரு புற்றுநோய் மாற்றத்தையும் சேர்த்து உருவாக்கிய எலிகளில் பாதிக்கு, புற ஊதாக் கதிரே படாமல் ஓராண்டுக்குள் மெலனோமா வந்தது என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். அந்தச் செந்நிறமி உருவாகும் வேலையே செல்லைப் பாதிக்கிறது போலும். இதை நான் மறுக்கவில்லை; வெயில் இல்லாமலும் பரம்பரைக்கு ஒரு தனி வழி உண்டு என்பதற்கு இது நேர்மையான சான்று. அந்த வழி எவ்வளவு அகலம் என்று பார்க்க மனிதர்களிடம்தான் போக வேண்டும். மனிதர்களிடம் போனால் மேலே சொன்ன குடியேறிகளும் கைரேகையும் எதிரே வந்து நிற்கின்றன.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். மெலனோமா கூடிவிட்டது என்பதில் பெரும்பகுதி நாம் தேடித் தேடிப் பயாப்சி செய்வதால் கூடியது. அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளில் கண்டுபிடிப்பு ஆறு மடங்காகியும் சாவு விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது என்கிறார்கள் சிலர். சரி, நோய் எண்ணிக்கை ஏறுவதை மட்டும் வைத்து வெயிலைக் குற்றம் சொல்வது பலவீனமான வாதம்தான். எனவே எண்ணிக்கை இறங்கும் இடத்தைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1981-ல் சிட் என்ற கடற்காகக் கார்ட்டூனை வைத்து, சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை என்ற பிரச்சாரம் தொடங்கியது. பின்னால் பள்ளிகளில் தொப்பி இல்லாமல் வெளியில் விளையாடக் கூடாது என்ற விதி வந்தது. காசு வாங்கிக்கொண்டு தோலைப் பழுப்பாக்கும் கடைகளும் 2016-க்குள் அங்கே தடைசெய்யப்பட்டன. தேடல் குறையாத அதே நாட்டில், இந்தப் பிரச்சாரத்தோடு வளர்ந்த தலைமுறையில், நாற்பது வயதுக்குட்பட்டவர்களிடம் மெலனோமா இறங்கிக்கொண்டிருக்கிறது. இதையும் நம்பாதவர்களுக்கு நம்பூர் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பழைய கரும்புப் பகுதியில் உள்ள சிறு நகரம். ஆடெல் கிரீன் தலைமையில் 1992-ல் அங்கே 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்குத் தினமும் காலையில் முகம், கழுத்து, கைகளில் பூசச் சொல்லி சன்ஸ்கிரீன் இலவசமாகக் கொடுத்தார்கள். மறுபாதியினர் தங்கள் இஷ்டம்போல். பூசாதே என்று யாரையும் தடுப்பது அறமாகாது என்பதால் அப்படி. வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புட்டிகளை வாங்கி எடை போட்டு எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். நாலரை ஆண்டில் ஸ்குவாமஸ் செல் கட்டிகள் சுமார் 40% குறைந்தன. பேசல் செல்லில் வேறுபாடு தெரியவில்லை, அதையும் மறைக்காமல் எழுதினார்கள். சோதனை முடிந்து பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில் தினமும் பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது. சிறிய எண்கள்தான். ஆனால் குலுக்கலில் இரண்டு பக்கமும் பரம்பரை சமமாகப் பிரிந்துவிடுகிறது. மாற்றியது வெயிலை மட்டும்.

நம் கதைக்கு வருவோம். கருமையும் மாநிறமும் கொண்ட நம் தோல், பரம்பரையாகக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. இந்தியாவில் வரும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் மிகச் சிறு பங்கு என்பதற்கு அதுவே முதல் காரணம். கறுத்த தோலுள்ளவர்களிடம் வெயிலுக்கும் மெலனோமாவுக்கும் தொடர்பு காட்டும் சான்று மிகக் குறைவு; ஆஸ்திரேலிய அறிவுரையை அப்படியே தூக்கி வந்து இங்கே பயமுறுத்தி, சிவப்பழகு ஆசையையும் கூடவே சேர்த்து சன்ஸ்கிரீன் விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உச்சி வெயிலில் துண்டும் குடையும் வேறு நல்ல காரணங்களுக்காகத் தேவை. வெண்புள்ளி உள்ளவர்கள் பலர் இந்த நோயை நினைத்து அஞ்சுகிறார்கள். நிறமற்ற இடத்தில் தோல் வேகும், மறைத்துக்கொள்வது நல்லது. ஆனால் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் செய்த ஆய்வுகளில் வெண்புள்ளி உள்ளவர்களுக்கு மெலனோமா மற்றவர்களைவிடக் குறைவாகவே வந்தது. நிறமிச் செல்களைத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்தி, கெட்டுப்போன நிறமிச் செல்களையும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

ஆனால் வெயில், பரம்பரை என்ற இரண்டு வார்த்தைகளோடு பட்டியலை மூடிவிட்டால் நம் நாட்டின் தோல் புற்றுநோய்களில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். காஷ்மீரில் குளிருக்காக மேலங்கிக்குள் கரித்தணல் வைத்த காங்ரியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கணக்கில் சூடுபட்ட அடிவயிற்றிலும் தொடையிலும் வரும் புற்றுநோய்க்கு காங்ரி புற்றுநோய் என்றே பெயர். வெயில் எட்டிப் பார்க்காத இடங்கள் அவை. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆழ்குழாய்த் தண்ணீரில் கலந்த ஆர்செனிக், உள்ளங்கையையும் உள்ளங்காலையும் முதலில் தடிக்கவைத்துப் பிறகு புற்றாக்குகிறது. பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் ஸ்குவாமஸ் செல் புற்று கிளம்புவது நம் ஊர் அறுவை மருத்துவர்கள் நன்கு அறிந்தது. மெலனோமாவோ நம்மைப் போன்ற தோலுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. 1981-ல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் தொடங்கியது இந்த வகைதான். இத்தகைய கட்டிகளின் டிஎன்ஏவைப் படித்தால் வெயிலின் கைரேகை பெரும்பாலும் இருப்பதில்லை. எழுத்துப் பிழைகளுக்குப் பதில் குரோமோசோம்கள் துண்டாகி இடம் மாறியிருக்கின்றன. தெரிந்த குடும்ப மரபணுக்களோடும் இதற்குப் பெரிய உறவு இல்லை. உள்ளங்காலில் விழும் அழுத்தமும் சிறு காயங்களும் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை ஆராய்ந்துவருகிறார்கள்.

"குடும்பத்தில் இல்லை, வெயிலும் நமக்குப் பழக்கம்" என்ற பதில்களில் எனக்குள்ள கவலை இதனால்தான். அந்தப் பதில்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க விடுவதில்லை. நகத்தில் நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு ஓடுவது நம் தோல் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் சாதாரணமாக இருக்கும். ஒரே விரலில் புதிதாகத் தோன்றினாலோ, அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைத் தாண்டி அதை ஒட்டிய தோலுக்கும் கறுப்பு வழிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதத்தில் ஓரம் சீரற்றுப் படரும் கறுப்புப் படையும் அப்படித்தான். சில சமயம் அது கறுப்பாகவும் இருக்காது. இளஞ்சிவப்புச் சதையாக, புண்ணாகவே வெளிப்படும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும் தமிழகத்தில் பாதத்தில் ஒரு புண் ஆறவில்லை என்றால் சர்க்கரைப் புண் என்று கட்டுப் போட்டுக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும். அப்படித் தவறாக எண்ணிச் சிகிச்சை செய்யப்பட்ட மெலனோமாக்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், கட்டு மாற்றியும் ஆறாத பாதப் புண் உள்ளவர், அதன் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பலாமா என்று தன் மருத்துவரிடம் கேட்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, புறநோயாளியாகவே செய்துவிடக்கூடிய பரிசோதனை அது.